‘போர்டு போச்சு!’

மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டதும், எல்லோரையும் போல நானும் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நிலா வந்தது, மழை வந்தது, எதுகைதான் வரவில்லை. தவிர, நம் மலரில் கவிதைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. எனவே எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த விஷயத்தைப் பற்றியே எழுதுகிறேன். ஆன் ஆகாத கம்ப்யூட்டரைப் பற்றி!

இதில் எழுத என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது இரண்டே இரண்டு வார்த்தைகளைப் பற்றி. ‘போர்டு போச்சு!’ உயிரில்லாமல் கிடக்கும் ஒரு சி.பி.யு.வைத் திறந்து, ஒரு பார்வை பார்த்து, உதட்டைப் பிதுக்கி நம்மில் எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறோம்? நானும் சொன்னேன். நான் சொன்னதை நம்பிய ஒரு அக்காவுக்கு 7,000 ரூபாய் செலவு. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டு, என் கருத்துக்குப் பிறகு வருகிறேன்.

நடந்தது இதுதான்

2024 ஜூன் மாதம். முதலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. எங்கள் ஊரில் ஒரு அண்ணாச்சி நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் உதவிக்குச் சேர்ந்திருந்தேன். சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் கையில் டெஸ்டரும் பையில் ஸ்குரூ டிரைவர் செட்டும் இருந்ததால் பெரிய என்ஜினீயர் என்று நினைப்பு!

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒரு சனிக்கிழமை காலை போன் செய்தார். அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். நான்தான் போனேன்.

"தம்பி, நேத்து ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. காலையில வந்து பட்டனை அமுக்குனா சட்டுனு அணைஞ்சு போச்சு. அப்புறம் மூச்சே இல்ல. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் பாத்துக்க. சாதிச் சான்று, வருமானச் சான்றுன்னு ஜனம் வரிசையில நிக்குது."

உண்மைதான். கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் காகிதத்தோடு நின்றார்கள். அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டேன். நான் பட்டனைத் தொடும் முன்பே சி.பி.யு.வுக்குள் ஃபேன் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... அவ்வளவுதான், நின்றுவிட்டது. பிறகு பட்டனை எத்தனை முறை அமுக்கியும் அசையவில்லை. சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே நான்கு விநாடி.

"போர்டு போச்சுக்கா. உள்ளே ஷார்ட் ஆகுது. அதான் சுத்தி நின்னுடுது" என்றேன். எந்த மீட்டரையும் வைத்துப் பார்க்கவில்லை. எதையும் கழற்றவில்லை. இருந்தும் டாக்டர் மாதிரிச் சொல்லிவிட்டேன்!

அது பழைய போர்டு. அதே மாடல் கிடைக்கவில்லை. வேறு போர்டு போட்டால் புராசஸரும் ராமும் சேர்த்து மாற்ற வேண்டும். செகண்ட் ஹேண்டில் மூன்றும் சேர்த்து 6,500 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் 500 ரூபாய். அக்கா ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு மகளிர் குழுவில் எடுத்து வைத்திருந்த கடன் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தார். திங்கட்கிழமை சாமான் வந்தது. மாட்டினேன். ஓடியது! "கை ராசியான பிள்ளை" என்று அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை நான் ரசித்துக் குடித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மறுபடியும் போன். அதே நோய். ஃபேன் சுற்றுகிறது, நான்கு விநாடியில் நிற்கிறது.

இந்த முறை அண்ணாச்சியும் வந்தார். அவர் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அக்காவிடம் பேச ஆரம்பித்தார்.

"போன தடவை என்னைக்குப் போச்சு?"

"சனிக்கிழமை காலையில, அண்ணாச்சி."

"இன்னைக்கும் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன செய்வீய?"

"என்ன செய்வேன்... சாம்பிராணி போட்டு, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சிட்டுக் கடை அடைப்பேன்."

அண்ணாச்சி எழுந்து சி.பி.யு.வின் முன்பக்கம் குனிந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பவர் பட்டனின் நடுவில் அழகான சந்தனப் பொட்டு! வருஷக்கணக்கில் வைத்த சந்தனம் பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கில் இறங்கிக் காய்ந்து, காரை போலப் பிடித்திருந்தது. அமுக்கிய பட்டன் திரும்பி வெளியே வரவில்லை. உள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றது.

அண்ணாச்சி பக்கத்து மூடியைக் கழற்றி, பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு ஒயரைப் பிடுங்கினார். அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டார். கம்ப்யூட்டர் ஆன் ஆனது. நான்கு விநாடி போயிற்று, நாற்பது விநாடி போயிற்று. நிற்கவே இல்லை. பிறகு ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் ஈரத் துணியும் வாங்கிப் பட்டனைச் சுத்தம் செய்து, காய்ந்த பிறகு மாட்டினார். செலவு? ஒன்றுமில்லை.

கடைக்குத் திரும்பியதும், நான் ‘போச்சு’ என்று கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய போர்டை எடுத்து மேஜைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தார். அதுவும் உயிரோடு எழுந்து உட்கார்ந்தது! அப்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வாங்கிய சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கொடுத்தவர் சம்மதிக்கவில்லை. அண்ணாச்சி தன் கணக்கில் பாதியை அக்காவுக்குக் கொடுத்தார். மீதி 3,500 ரூபாயை என் சம்பளத்தில் மாதம் 500 வீதம் ஏழு மாதம் பிடித்தார். கல்லூரி திறந்த பிறகும் சாயங்கால வேலைக்குப் போய் அடைத்தேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "விடுங்க அண்ணாச்சி, படிக்கிற புள்ளதானே" என்று மட்டும்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுதவைக்கிறது.

பட்டன் என்பது ஒரு மனு!

சரி, அந்த நான்கு விநாடிக்கு என்ன அர்த்தம்? அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன்.

ஐ.பி.எம். நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த ‘ஏ.டி.’ ரகக் கம்ப்யூட்டரிலும் அதைப் பின்பற்றி வந்தவற்றிலும் பவர் சுவிட்ச் என்பது நிஜமாகவே சுவிட்ச். வீட்டு விளக்குக்குப் போடுகிற மாதிரி மெயின் கரண்டையே சேர்க்கும், பிரிக்கும். 1995-ல் இன்டெல் நிறுவனம் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்ற அமைப்பை வெளியிட்டது. அதிலிருந்து கதை மாறிவிட்டது. இப்போது நாம் அமுக்குகிற பட்டனில் மெயின் கரண்ட் கிடையாது. அது வெறும் மனு! தாலுகா ஆபீசில் கொடுக்கிறோமே, அதே மாதிரி மனு.

மனுவை வாங்க ஆள் விழித்திருக்க வேண்டுமல்லவா? அதற்குத்தான் ஊதா நிற ஒயர். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். இந்த ஒயரில் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ராத்திரிக் காவல்காரன் மாதிரி. பட்டனை அமுக்கினால் இரண்டு பின்கள் ஒரு கணம் சேரும். அதைப் பார்த்து போர்டு பச்சை ஒயரை எர்த்துக்கு இழுக்கும். ‘அனுமதி’ என்று அர்த்தம். உடனே எஸ்.எம்.பி.எஸ். முழுசாக எழுந்து ஆரஞ்சில் 3.3, சிவப்பில் 5, மஞ்சளில் 12 வோல்ட் என்று கொடுக்கும். எல்லாம் நிலையாக நின்றதும், பத்தில் ஒரு விநாடி முதல் அரை விநாடிக்குள், சாம்பல் நிற ஒயரில் 5 வோல்ட் வரும். ‘எல்லாம் சரி’ என்று அது சொன்ன பிறகுதான் போர்டு புராசஸரை வேலை செய்ய விடும்.

பட்டனைத் தொடர்ந்து நான்கு விநாடிக்கு மேல் அமுக்கினால்? கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டு நிற்கும்போது நாமே அப்படிச் செய்து அணைக்கிறோம் அல்லவா? அதேதான்! அக்கா கடையில் பட்டன் அமுங்கியே இருந்தது. அதனால் சுவர் சுவிட்சைப் போட்டதுமே மனு போய்ச் சேர்ந்தது. விடாமல் அமுக்கிக்கொண்டே இருப்பதாக நினைத்து நான்காவது விநாடியில் போர்டு தன்னை அணைத்துக்கொண்டது. போர்டு ஒழுங்காக வேலை செய்தது, நண்பர்களே! ஒழுங்காக வேலை செய்ததற்காகத்தான் அதை நான் தூக்கிப் போட்டேன். பட்டனைத் தொடும் முன்பே ஃபேன் சுற்றியது என்ற ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசித்திருந்தால் போதும், 7,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

அதற்குப் பிறகு அண்ணாச்சி எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார்: "செலவில்லாததை முதல்ல பாரு. செலவுள்ளதைக் கடைசியில பாரு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து." இந்த வரிசையில் பார்த்துப் பாருங்கள். ‘செத்துப்போன’ கம்ப்யூட்டர்களில் பல, மூடியைத் திறப்பதற்கு முன்பே பிழைத்துக்கொள்ளும்.

முதலில் சுவர். டெஸ்டர் எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். டெஸ்டர் ஃபேஸ் இருப்பதைத்தான் சொல்லும். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும், ஆனால் எதுவும் ஓடாது. அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைச் செருகிப் பாருங்கள். அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அடுத்து ஸ்பைக் பஸ்டர். அதில் தனி சுவிட்ச் உண்டு, ஃபியூஸ் உண்டு. அடுத்து யு.பி.எஸ். பேட்டரி போன யு.பி.எஸ். தானும் ஓடாமல் கம்ப்யூட்டரையும் ஓடவிடாது. அதைத் தாண்டி நேரே சுவரில் செருகிப் பாருங்கள். அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்னால் செருகும் பவர் கார்டு. பெருக்கும்போது துடைப்பம் பட்டு லூசாகியிருக்கும். அதே இடத்தில் சின்ன ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்கும். யாரோ தூசி தட்டும்போது அதையும் தட்டியிருப்பார்கள்!

அடுத்து, நோயைச் சரியாகப் பெயர் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். ‘ஆன் ஆகலை’ என்று ஜனங்கள் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, எந்த அசைவும் இல்லை, லைட் இல்லை, சத்தம் இல்லை. இரண்டு, ஃபேன் சுற்றுகிறது, திரையில் படம் இல்லை. மூன்று, எழுந்து உடனே படுத்துக்கொள்கிறது. முதலாவது என்றால் மின்சாரம் வருகிற வழியைப் பாருங்கள். இரண்டாவது என்றால் முதலில் மானிட்டருக்குக் கரண்ட் இருக்கிறதா, கேபிள் சரியா என்று பாருங்கள். பிறகு ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள். மூன்றாவது என்றால் பட்டன், ஷார்ட், சூடு, எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையாகச் சந்தேகப்படுங்கள். சந்தனம் என் அனுபவத்தில் வந்தது. உங்கள் அனுபவத்தில் எறும்போ, எலி கடித்த ஒயரோ வரலாம்.

மூடியைத் திறந்துவிட்டீர்களா? வெளியே செருகியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். ஒரு யு.எஸ்.பி. துளைக்குள் தகரம் வளைந்து ஷார்ட் ஆனாலே போர்டு எழுந்திருக்காது. பட்டன் ஒயரைப் பிடுங்கி இரண்டு பின்னையும் தொட்டுப் பாருங்கள். பெரிய 24 பின் கனெக்டரோடு, புராசஸர் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரும் அழுத்தமாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கண்டன்சர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். போர்டுக்கு அடியில் ஒரு ஸ்குரூ உருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் மல்டிமீட்டர். ஊதா ஒயரில் 5 வோல்ட் இருக்கிறதா? இல்லையென்றால் மெயினிலோ எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ கோளாறு, அல்லது போர்டில் ஏதோ ஷார்ட் அதை அமுக்குகிறது. கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி மறுபடி அளந்தால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். ஊதா இருக்கிறது, பட்டன் பின்னைத் தொடும்போது பச்சை ஒயர் பூஜ்யத்துக்கு இறங்கவில்லையா? போர்டைச் சந்தேகப்படலாம். பச்சை இறங்கியும் மஞ்சள், சிவப்பில் ஒன்றும் வரவில்லையா? எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படலாம். போர்டில் ஷார்ட் இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். எழாது. அதனால் வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது பல எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வருகின்றன. அப்போது நிறத்தை நம்ப முடியாது, பின்னை எண்ணுங்கள். 24 பின்னில் ஊதா 9, பச்சை 16, சாம்பல் 8. சில கம்பெனி கம்ப்யூட்டர்களில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும், எச்சரிக்கை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் ஏ.சி. உள்ளே போய் டி.சி.யாக மாறும்போது கண்டன்சரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கலாம். வீரத்தைக் காட்ட வேறு இடங்கள் இருக்கின்றன.

மாற்றினேன், ஓடியது... அதனால்?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

நான் செய்த தப்பு ‘போர்டு போச்சு’ என்று அவசரப்பட்டுச் சொன்னது மட்டுமல்ல. அதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகு நடந்தது. புதுப் போர்டு மாட்டினேன், ஓடியது. எனவே பழையது கெட்டது என்று முடிவு கட்டினேன். சற்றே யோசித்துப் பாருங்கள், இது சரியான கணக்கா?

போர்டை மாற்றும்போது நான் போர்டை மட்டுமா மாற்றினேன்? எல்லாக் கனெக்டரையும் கழற்றி மறுபடி மாட்டினேன். முன்பக்க மூடியைப் பிடுங்கித் தட்டி மாட்டினேன். அந்தத் தட்டலில் பட்டன் தானாக வெளியே வந்துவிட்டது. ஓடியதற்குக் காரணம் அதுதான்! நானோ அந்தப் பெருமையைப் புதுப் போர்டுக்குக் கொடுத்தேன். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன்கூட ‘பார், இப்போது பூச்சியே இல்லை’ என்றுதான் சொல்லுவான்.

பழையது நிஜமாகவே கெட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதுதான். நோய் திரும்ப வந்தால் பழையதுதான் குற்றவாளி. வராவிட்டால் குற்றவாளி வேறு எங்கோ ஒளிந்திருக்கிறான். இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். ஆனால் ஓடுகிற மிஷினைத் திரும்பக் கழற்ற யாருக்கு மனசு வரும்? அந்தப் பத்து நிமிடத்துச் சோம்பலுக்கு விலையை நாம் கொடுப்பதில்லை. எதிரே நிற்கிற மனிதர் கொடுக்கிறார்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய் என்ன, அதன் காரணம் என்ன, தணிக்கும் வழி என்ன என்று இந்த வரிசையில்தான் போகச் சொன்னார். நாம் மருந்திலிருந்து தொடங்குகிறோம்!

நம் லேபில் என்ன நடக்கிறது?

நான் மட்டும்தான் இப்படியா? கோபப்படாமல் கேளுங்கள். நம் லேபில் நமக்குக் கொடுக்கப்படுகிற சர்க்யூட் எல்லாமே நல்ல சர்க்யூட். வரவேண்டிய ரீடிங்கும் முன்கூட்டியே தெரியும், சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது! சர்க்யூட் ஓடாவிட்டால் என்ன செய்கிறோம்? ஒயரை மாற்றுகிறோம், ஐ.சி.யை மாற்றுகிறோம், கடைசியில் மேஜையையே மாற்றுகிறோம். ஏன் ஓடவில்லை என்று கேட்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். பிளாக் டயகிராமை ஸ்கேல் வைத்து அழகாக வரைகிறோம். அந்த ஊதா ஒயரில் ஒரு தடவையாவது மீட்டர் முள்ளை வைத்தவர் நம்மில் எத்தனை பேர்? இரண்டாண்டு முடிகிறவரை நான் வைத்ததில்லை. கடையில்தான் வைத்தேன்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. முப்பது பேருக்கு ஐந்தாறு செட் என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? எதையாவது எரித்துவிட்டால் ஸ்டாக் ரிஜிஸ்தரில் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். ஆனால் நாளை நாம் நிற்கப்போகிற இடத்தில் நல்ல சர்க்யூட்டை யாரும் நம்மிடம் கொண்டுவரப் போவதில்லை. ஓடாததைத்தான் கொண்டுவருவார்கள்.

சிலர் சொல்வார்கள்: ‘இந்தக் காலத்தில் டெஸ்க்டாப்பை யாருப்பா ரிப்பேர் பார்க்கிறான்? எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. போனால் வேறு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.’ தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள். சான்றிதழ் டைப் அடிப்பதும், ஜெராக்ஸ் கடையில் அச்செடுப்பதும், நம் ஆபீசில் ஃபீஸ் ரசீது வருவதும் எதில்? அந்த ஒரு டப்பா நின்றால் ஒரு குடும்பத்தின் அன்றைய வரும்படி நிற்கிறது. மாற்ற வேண்டியதை மாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. எதை மாற்றுவது என்று தெரிந்து மாற்றுவோம் என்றுதான் சொல்கிறேன். அதோடு, நாம் ‘போச்சு’ என்று தூக்கிப் போடும் ஒவ்வொரு போர்டிலும் ஈயம் உட்படப் பலதும் இருக்கலாம். அது மண்ணுக்குத்தான் போகிறது.

மூன்று வேண்டுகோள்

மாணவர் பேரவைக்கும் துறைத்தலைவர்களுக்கும் பணிவோடு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு லேபிலும் வேண்டுமென்றே கோளாறு வைத்த ஒரு செட்டாவது இருக்கட்டும். ஒரு ஒயரை உள்ளே அறுத்து வையுங்கள், ஒரு ஃபியூஸை எடுத்துவிடுங்கள். கண்டுபிடித்தவனுக்கு மட்டுமல்ல, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று வரிசையாகச் சொல்பவனுக்கு மார்க் கொடுங்கள்.

இரண்டு: நம் ஸ்டோர் ரூமில் கம்ப்யூட்டர்கள் தூசி படிந்து அடுக்கி இருப்பதை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு ஆசிரியர் முன்னிலையில், அவற்றைத் தொட எங்களுக்கு அனுமதி வாங்கித் தாருங்கள். நாலு செத்த மிஷினிலிருந்து ஒன்று பிழைத்தாலும் லாபம்தான். ஒன்றுமே பிழைக்காவிட்டாலும் ஏன் பிழைக்கவில்லை என்று கற்றுக்கொள்வோம்.

மூன்று: ஒரு தடித்த நோட்டு போதும். என்ன குறை என்று சொன்னார்கள், நாம் என்ன பார்த்தோம், என்ன அளந்தோம், கடைசியில் காரணம் என்ன, எவ்வளவு செலவு என்று எழுதிவைப்போம். முக்கியமாக, நாம் தப்பாகச் சொன்னதையும் எழுதுவோம். அந்த நோட்டில் முதல் பக்கத்துக்கு என் சந்தனக் கதையைத் தருகிறேன். என் பெயரோடு போட்டுக்கொள்ளலாம்.

நண்பர்களே! ‘தெரியலைக்கா, இன்னும் கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்’ என்று சொல்வதில் ஒரு கேவலமும் இல்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் இருக்கவில்லை.

இப்போதும் அந்த ஜெராக்ஸ் கடை வழியாகத்தான் பஸ் ஏறப் போகிறேன். அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்தனம் வைக்கிறார். பட்டனில் இல்லை, கேபினட்டின் தலையில். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பிரிண்டர் மூச்சுவிட மாட்டேங்குது, வந்து பாரேன்" என்றார். மறுபடியும் என்னையே கூப்பிட்டதில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. போனேன். முதலில் சுவரைப் பார்த்தேன். பிளக் லூசாக இருந்தது.

டீ மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.